கணினி ஆசிரியருக்கு எம்மொழியில் பயிற்சி?

மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களிலும், மறையூர், வட்டவடை ஆகிய மலையூர்களிலும், பாலக்காட்டு எல்லையில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களிலும் தமிழ் வழியில் பயிலும் பிள்ளைகள் உள்ளனர். கணக்கையும் அறிவியலையும் தமிழில் படிப்பதைப் போலவே கணினிப் பாடத்தையும் அவர்கள் தமிழ் நூலில் படிக்கின்றனர். கேரள அரசு தகவல் தொழில்நுட்பப் பாடநூலை மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு மொழிகளில் வெளியிடுகிறது. பிள்ளைகளின் கையில் தமிழ் நூல் இருக்கிறது. அதைக் கற்பிக்கும் ஆசிரியர் எம்மொழியில் பயிற்சி பெற வேண்டும் என்பதே இங்கு எழும் வினா.

ஆசிரியருக்குத்தான் மலையாளம் தெரியுமே, எம்மொழியில் பயிற்சி அளித்தால் என்ன என்று சிலர் கேட்பர். அவர்களுக்கு ஒரு சொல்லைக் காட்டினால் போதும். மலையாளக் கணக்கு நூல்களில் மாறும் மதிப்பைக் குறிக்கும் சொல், தமிழர் செவிக்குச் 'சரம்' என்றே ஒலிக்கும். அதனைத் தமிழ்க் கணக்கு நூல் 'மாறி' என்கிறது. தமிழ்நாட்டுக் கணினி அறிவியல் நூல்களிலும் 'சரம்' என்ற சொல் உண்டு. ஆனால் அங்கு அதற்குப் பொருள் வேறு. பூக்களைத் தொடுத்தாற்போல் எழுத்துகளை வரிசையாகத் தொடுத்து அமைவது சரம். ஒருவருடைய பெயரும் ஓர் ஊரின் பெயரும் கணினிக்குச் சரங்களே. ஆக, ஒரே ஒலி எல்லையின் ஒரு பக்கத்தில் ஒரு பொருளையும் மறுபக்கத்தில் வேறொரு பொருளையும் தருகிறது.

இதனால் விளையும் இடர் யாது? பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதப்படுவதாகக் கொள்வோம். நிரல் மாணவரிடம் வயதைக் கேட்கிறது. மாணவர் 12 என்று தட்டச்சு செய்கிறார். அதனோடு 1 கூட்டி, அடுத்த ஆண்டின் வயதை நிரல் சொல்ல வேண்டும். ஆனால் திரையில் 13 தோன்றுவதில்லை. பிழைச் செய்தியே தோன்றுகிறது. விசைப்பலகை வழியே வந்த 12ஐ அம்மொழி எண்ணாகக் கொள்ளாமல் சரமாகக் கொள்வதே அதற்குக் காரணம். சரத்தோடு எண்ணைக் கூட்ட இயலாது. முதலில் அதனை எண்ணாக மாற்ற வேண்டும். 'வயது' என்பது மாறியின் பெயர். அந்த மாறிக்குள் இருப்பது ஒரு சரம். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாமல் அந்தப் பிழையை விளக்க வழியில்லை. பயிற்சியில் ஒரு பொருளில் கேட்ட சொல்லையே வகுப்பில் வேறொரு பொருளில் ஆள வேண்டிய ஆசிரியர் இவ்விடத்தில் தடுமாறினால், அது அவருடைய அறிவின் குறையன்று. ஆனால், தனக்குக் கணினி வராது என்று மாணவர் முடிவு செய்துகொள்வார். இழப்பு அவருடையதே.

இச்சிக்கலைக் காட்டுவதால் கேரளத்தின் உழைப்பைக் குறைத்துக் கூறுவதாகப் பொருளாகாது. பள்ளி ஆசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சி அளிப்பதில் அம்மாநிலம் பிறருக்கு வழிகாட்டியாக உள்ளது என்பதே உண்மை. பேராசிரியர் யு. ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை அடிப்படையாகக் கொண்டு, 2001ஆம் ஆண்டில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் அங்குத் தொடங்கப்பட்டது. 2017இல் அது 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக மாறியது. உயர்நிலை வகுப்புகளில் இப்பாடத்திற்கெனத் தனி ஆசிரியரை எதிர்பாராமல், கணக்கு, அறிவியல், மொழி ஆகிய பாடங்களின் ஆசிரியர்களையே பயிற்றி முன்னிறுத்தியது அத்திட்டம். பயிற்சி அளித்தவர்களும் வெளியிலிருந்து வந்த வணிக நிறுவனத்தார் அல்லர். பள்ளிகளில் பாடம் நடத்தி வந்த ஆசிரியர்களே முதன்மைப் பயிற்றுநர்களாகித் தம் உடன்பணியாளர்களுக்குக் கற்பித்தனர். கட்டற்ற மென்பொருளை ஏற்றதால், உரிமக் கட்டணம் என்ற சுமையும் பள்ளிகளுக்கு இல்லாமற்போயிற்று.

சக ஆசிரியர் கற்பிக்கும்போது மட்டுமே கிடைக்கும் பயன் ஒன்று உண்டு. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை எவரும் சொல்லிவிடலாம். மாணவர் எங்கே தவறுவார் என்பதை வகுப்பறையில் நின்றவரே அறிவார். நிரலில் 'அ = அ + 1' என்று ஒரு வரி வருகிறது. கணக்கு வகுப்பிலிருந்து நேரே வரும் மாணவர், "இது எப்படிச் சமமாகும்?" என்று கேட்பார். நல்ல கேள்வி! இங்குச் சமக்குறி சமத்தைக் குறிப்பதில்லை. வலப்பக்கத்தைக் கணக்கிட்டு, வந்த விடையை இடப்பக்கத்துப் பெயரில் வை என்று அது கட்டளையிடுகிறது. இக்கேள்வி வரும் என்று முன்னரே அறிந்திருக்கும் ஆசிரியரை உருவாக்குவதே பயிற்சி.

பயிற்சி குன்றினால் நேர்வதற்கும் சான்று உண்டு. 1984இல் இந்திய அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தின்கீழ் ஏறக்குறைய 250 பள்ளிகளுக்குப் பி.பி.சி. மைக்ரோ கணினிகளை வழங்கியது. அக்காலத்தில் அது துணிச்சலான முயற்சி. இருப்பினும் ஆசிரியருக்குக் கிடைத்த பயிற்சி குறுகியது. மென்பொருளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தது. எதிர்பார்த்த பயன் விளையவில்லை. செல்வம் மிக்க இங்கிலாந்தும் இப்பாடத்தைப் பட்டே கற்றது. 2014 செப்டம்பரில் அந்நாடு பழைய பாடத்தை நீக்கிக் கணினியியலைப் பள்ளிகளில் புகுத்தியது. ஆசிரியர் பலர் அதற்கு ஆயத்தமாக இல்லை. பின்னர் 2018இல் ஆசிரியர் பயிற்சிக்கெனத் தேசிய மையம் ஒன்று அமைக்கப்பட்டு, 8 கோடியே 40 இலட்சம் பவுண்டு ஒதுக்கப்பட்டது. முதலில் பாடம், பிறகு பயிற்சி என்று செல்வதற்கு ஆகும் செலவு அது.

இப்போது பாடத்தின் வேகம் மேலும் கூடியுள்ளது. 2024 மே மாதத்தில், ஏறக்குறைய 80,000 ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி அளிக்கும் பணியைக் கைட் தொடங்கியது. அதே கல்வியாண்டில் ஏழாம் வகுப்புப் பாடநூலில் செயற்கை நுண்ணறிவு இடம்பெற்றது. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பில் எந்திரனியல் சேர்ந்தது. ஆண்டுதோறும் புதிய கருத்துகளும் அவற்றோடு புதிய சொற்களும் வருகின்றன. மூன்று நாள் பயிற்சி முடித்துத் திரும்பும் தமிழாசிரியர், அச்சொற்களுக்கெல்லாம் தமிழைத் தாமே தேடிக்கொள்ள வேண்டுமெனில், மூணாற்றில் ஒரு சொல்லும் கொழிஞ்சாம்பாறையில் வேறொரு சொல்லும் வழங்கும். பொதுத்தேர்வின் வினாத்தாளில் மூன்றாவது சொல் இருந்தாலும் வியப்பதற்கில்லை.

கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்பர் சிலர். வைத்துக்கொள்ளட்டும், நிரல்மொழியின் கட்டளைகள் ஆங்கிலத்தில்தானே உள்ளன. ஆயினும் ஒரு சொல்லைப் பெயர்ப்பது வேறு, ஒரு கருத்தை விளக்குவது வேறு. விளக்கம் மாணவர் சிந்திக்கும் மொழியில் அமைய வேண்டும். அவ்விளக்கத்தை ஆசிரியர் ஒருமுறையேனும் தம் வாயால் தமிழில் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். பயிற்சி அறைதான் அதற்கு உரிய இடம். அங்குத் தவறினால் திருத்த உடன்பணியாளர் இருப்பர்.

தமிழ் வழி ஆசிரியர்கள் சிலரே என்பதால் தனிப் பயிற்சி இயலாது என்று கூறுவதும் பொருந்தாது. சிலராக இருப்பதே இங்கு வசதி. கோடை விடுமுறையில் சித்தூரில் ஒன்றும் மூணாற்றில் ஒன்றுமாக இரண்டு முகாம்கள் போதும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல், தமிழ் வழி மாணவர்க்கெனத் தமிழிலேயே இணைய வகுப்புகளைத் தயாரித்துக் காட்டியவர்கள் இம்மாநிலத்து ஆசிரியர்களே. எனவே ஆள் இல்லை என்று சொல்வதற்கு இடமில்லை. சொற்களையும் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டு மேனிலை வகுப்புகளின் கணினி அறிவியல் நூல்கள் பல ஆண்டுகளாகத் தமிழில் உள்ளன. பள்ளிப் படிப்பை முடித்துப் போடிமெட்டு வழியே தேனிக்கோ, மீனாட்சிபுரம் வழியே பொள்ளாச்சிக்கோ கல்லூரி செல்லும் மாணவர் எதிர்கொள்ளப்போகும் சொற்களும் அவையே.

முகாமின் முதல் நாளில் செய்யவேண்டிய பணி எளியது. புதிய பாடநூலில் உள்ள கலைச்சொற்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுத வேண்டும். ஒவ்வொன்றிற்கும் எதிரே மலையாளச் சொல், ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல் மூன்றையும் எழுதி, எது எதனோடு மயங்கும் என்று குறிக்க வேண்டும். மாறியும் சரமும் அப்பட்டியலின் முதல் இரண்டு வரிகளாக இருக்கட்டும். முகாம் முடியும் நாளில் அப்பட்டியலைப் படியெடுத்து ஆசிரியர் ஒவ்வொருவரும் கொண்டுசெல்லலாம். சூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது அது கணினி அறையின் சுவரில் தொங்கும்.