அப்பாவிகள் யார்?

கொலைகாரன் ஒருவன் ஊருக்குள் உலவுகிறான். பிடிபடவில்லை. காவல் துறை மக்களை நோக்கிக் கை நீட்டுகிறது: கண்டதைச் சொல்லுங்கள், கேட்டதைச் சொல்லுங்கள், ஐயம் எழுந்தால் அஞ்சாது வந்து சொல்லுங்கள் என்கிறது. முறையான வேண்டுகோள்தான். ஆயிரம் காவலர்க்கு இல்லாத கண், இலட்சம் மக்களுக்கு உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை.

நாம் கேட்பது வேறு. வேண்டுகோள் விடுக்கும் வாய்க்குக் காது உண்டா? மக்களே பேசுங்கள் என்று முழங்குவோர், எந்த மக்கள் பேசினால் கேட்பர்? எவர் பேசினால் கேளாச் செவியினராவர்? கேளாமற்போனால் அதன் விலையைக் கொடுப்பவர் யார்?

விடை இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயரில் கிடைக்கிறது. 1975 அக்டோபர் 30ஆம் நாள், லீட்ஸ் நகரில், நான்கு குழந்தைகளின் தாயொருத்தி கொலையுண்டாள். சுத்தியலால் தலையில் அடித்து, கத்தியால் குத்தியிருந்தான் கொடியவன். 1980 நவம்பர் வரை தொடர்ந்தது அந்தக் கொலைவெறி. லீட்ஸ், பிராட்ஃபோர்டு, மான்செஸ்டர், ஹட்டர்ஸ்ஃபீல்டு, ஹாலிஃபாக்ஸ் என்று ஊர் ஊராகப் பிணம் விழுந்தது. பீட்டர் சட்கிளிஃப் எனும் லாரி ஓட்டுநன் இறுதியில் அகப்பட்டபோது, 13 பெண்களைக் கொன்றதற்கும், 7 பெண்களைக் கொல்ல முயன்றதற்கும் தண்டிக்கப்பட்டான். ஐந்தாண்டுக் காலம் ஒரு காவல் துறையே தேடியது. அவனோ, அவர்களுடைய கண்ணெதிரிலேயே வாழ்ந்தான்!

ஏன் அகப்படவில்லை? முதல் விடை ஒரு சொல்லில் இருக்கிறது: 'அப்பாவி'.

தொடக்கத்தில் மாண்டவருள் பலர், வறுமை வாட்ட உடலை விற்றுப் பிழைத்தவர்கள். அல்லது அப்படிப்பட்டவரென்று கருதப்பட்டவர்கள். செய்தி வந்தது, ஊர் ஒருகணம் முகஞ்சுளித்தது, பிறகு தன் வேலையைப் பார்த்தது. 1977 ஜூன் திங்களில் பதினாறு வயதுப் பெண்ணொருத்தி, கடையொன்றில் வேலை பார்த்தவள், கொலையுண்டாள். அப்போதுதான் ஏடுகள் அலறின: அப்பாவிப் பெண் அழிந்தாளே என்று! அவளுக்காக அழுதது தவறன்று. ஆனால் அவளை அப்பாவி என்று அழைத்த அந்தக் கணத்தில், அவளுக்கு முன் மாண்டவர்களை என்னவென்று அழைத்தார்கள்? குற்றவாளிகள் என்றா? சுத்தியலுக்கு உரியவர்கள் என்றா?

1979இல் உயர் அதிகாரி ஒருவர் கொலைகாரனையே விளித்துப் பேசினார். அவர் பேச்சின் சாரம் இது: அவன் விலைமகளிரை வெறுக்கிறான் என்பது தெளிவு; அப்படி வெறுப்பவர் பலர்; விலைமகளிரைக் காவல் துறையும் தொடர்ந்து கைது செய்யும்; ஆனால் அவன் இப்போது அப்பாவிப் பெண்களைக் கொல்கிறான்; உன் கருத்தை உணர்த்திவிட்டாய், இன்னோர் அப்பாவி மடியுமுன் சரணடைந்துவிடு!

கருத்தாம்! உணர்த்திவிட்டானாம்! பிணங்களை அடுக்கி வைத்தவனிடம், உன் வாதம் விளங்கியது, வழக்கை முடித்துக்கொள் என்கிறது சட்டத்தின் காவலன் குரல். இது மக்களிடம் விடுத்த வேண்டுகோளா, கொலைகாரனுக்குக் கொடுத்த நற்சான்றா?

நெறியை விட்டுவிடுவோம், துப்புத் துலக்கும் தொழிலையே பார்ப்போம். இரவுத் தெருவில் அவனைக் கண்டிருக்கக் கூடியவர் யார்? அவனோடு பேசியிருக்கக் கூடியவர், அவன் காரின் நிறத்தை அறிந்திருக்கக் கூடியவர் யார்? அந்தத் தெருவில் நின்ற பெண்களல்லவா! அவர்களைப் பார்த்து, உங்களைக் கைது செய்வோம் என்று ஒரு வாயால் சொல்லி, துப்புக் கொடுங்கள் என்று அதே வாயால் கேட்டால், எவள் படியேறுவாள் காவல் நிலையத்துக்கு? தன் சாட்சியைத் தானே விரட்டிவிட்டு, சாட்சி இல்லையே என்று கையைப் பிசைவது எந்த ஊர்த் திறமை?

இரண்டாவது விடை, ஓர் ஒலிநாடா.

1978 மார்ச் முதல், கொலைகாரன் பெயரால் கடிதங்கள் வந்தன. 1979 ஜூனில் ஒலிநாடா வந்தது. விசாரணையை நடத்திய ஜார்ஜ் ஓல்டுஃபீல்டு எனும் அதிகாரியைப் பெயர் சொல்லி ஏளனம் செய்தது அந்தக் குரல். வல்லுநர் கேட்டனர், இது சண்டர்லாந்து வட்டாரத்துப் பேச்சு என்றனர். அவ்வளவுதான்! வானொலியில் அந்தக் குரல், தொலைக்காட்சியில் அந்தக் குரல், தொலைபேசியைச் சுழற்றினால் அந்தக் குரல். இந்தக் குரலுக்கு உரியவன் யார், சொல்லுங்கள் என்று நாட்டையே கேட்டார்கள். குரல் பொய்! எவனோ குடிகாரன் ஒருவன் செய்த குறும்பு! 2005இல் கடித உறையில் ஒட்டியிருந்த எச்சில் அவனைக் காட்டிக்கொடுத்தது. 2006இல் எட்டாண்டுச் சிறை பெற்றான்.

ஏமாற்றியவன் கயவன், ஐயமில்லை. ஆயினும், ஏமாறுவதற்கு அவர்கள் ஆயத்தமாக இருந்தார்களே, அதுவல்லவா நம் வினா? அவன் கையில் தப்பிப் பிழைத்த பெண்கள் இருந்தனர். 1975இல் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, தாக்கப்படுமுன் அவனோடு பேசிக்கொண்டே நடந்தவள், அவன் முகத்தைச் சொன்னாள். அந்த வட்டாரத்துப் பேச்சுத்தான் அவன் பேச்சு என்றாள். அவள் 'அந்த வகைப் பெண்' அல்லளே, ஆகவே இது அவன் வேலையாக இராது என்று அவளை ஒதுக்கினர். 1976இல் தாக்குண்ட கருப்பினப் பெண்ணொருத்தி, கருந்தாடிக்காரன் என்று அடையாளம் சொன்னாள். அவள் சொல்லும் ஏறவில்லை. ஒருத்தி அந்த வகையல்ல என்பதால் செல்லாதவள். இன்னொருத்தி அவர்கள் மதிக்கும் வகையல்ல என்பதால் செல்லாதவள்! எப்படிப் பிறந்தாலும் பெண்ணின் சொல் செல்லாக் காசு. முகமறியா ஆணொருவன் ஒலிநாடாவில் உளறினால் அது மட்டும் வேதவாக்கு!

அந்த நாடா ஒலித்த பிறகு, மேலும் மூன்று பெண்கள் மடிந்தனர். சட்கிளிஃபைக் காவலர் ஒன்பது முறை விசாரித்தனர். ஒன்பது முறையும் விட்டனர். 1979இல் இளங்காவலர் ஒருவர், இவன்மேல் ஐயமுண்டு என்று எழுதியே கொடுத்தார். அந்த அறிக்கை கோப்பில் உறங்கியது. கையெழுத்து ஒத்துவரவில்லை, பேச்சு சண்டர்லாந்துப் பேச்சு அன்று. பொய்யனின் குரல், மெய்யான கொலைகாரனுக்குக் கேடயமாயிற்று.

மக்கள் உதவவில்லையா? உதவினர்! 1980 நவம்பரில் சட்கிளிஃபின் நண்பனே பெயரிடாக் கடிதம் எழுதினான். அதில் சட்கிளிஃபின் பெயரும் இருந்தது. முதன்மையானது என்று குறியிட்டும் வைத்தனர். பிறகு நண்பன் நேரிலும் சென்று சொன்னான். கடிதம் அட்டைக் குவியலில் அமிழ்ந்தது. காகிதச் சுமை தாங்காமல் அறையின் தளத்தையே வலுப்படுத்த வேண்டியதாயிற்றாம்! தளத்தை வலுப்படுத்தினர், காதை வலுப்படுத்தவில்லை. கடைசியில் 1981 சனவரி 2ஆம் நாள், ஷெஃபீல்டு நகரில், ரோந்து சென்ற இரு காவலர், போலி எண் பலகை மாட்டிய காரைக் கண்டு அவனைப் பிடித்தனர். வேண்டுகோளும் அன்று, ஒலிநாடாவும் அன்று. அன்றாடக் கடமையைச் செய்த இருவரே வென்றனர்.

இதற்கிடையே பெண்களுக்கு ஓர் அறிவுரை: இரவில் வெளியே வராதீர்! தாக்குபவன் ஆண், வீட்டில் அடைபட வேண்டியவள் பெண்! 1977 நவம்பரில் லீட்ஸ் நகரப் பெண்கள் தீவட்டி ஏந்தித் தெருவில் இறங்கினர். இரவு எங்களுக்கும் உரியது, ஊரடங்கு வேண்டுமானால் ஆண்களுக்கு இடு என்றனர். அந்தச் சிற்றூர்வலத்தில் இருந்த பகுத்தறிவு, பெரிய அலுவலகத்தில் இல்லாமற் போனதே!

காவலர் இரவு பகலாக உழைத்தனர், குறை கூறலாமா என்பர் சிலர். உழைத்தனர், உண்மை. கணிப்பொறி இல்லாக் காலம், அதுவும் உண்மை. ஆனால், செக்கைச் சுற்றும் மாடும் உழைக்கத்தான் செய்கிறது. உழைப்பில் குறையில்லை, உழைப்பைக் கண்கட்டிச் சுற்றவிட்ட எண்ணத்தில்தான் குறை. கருவியின்மை அன்று, கற்பைத் தராசாக்கிய மனமே முதற்குற்றவாளி. அந்தத் தராசு நீதிமன்றத்திலும் ஏறியது. 1981 மே திங்களில், அரசுத் தலைமை வழக்கறிஞரே, மாண்டவருள் சிலர் விலைமகளிர் அல்லர் என்பதுதான் இவ்வழக்கில் மிகவும் துயரமானது என்றார். 1981இல் எழுதப்பட்ட பைஃபோர்டு அறிக்கை பிழைகளை எடுத்துரைத்தது; அதுவும் 2006இல்தான் வெளிச்சம் கண்டது. 2020 நவம்பரில், சட்கிளிஃப் இறந்த நாளையொட்டி, மேற்கு யார்க்ஷயர் காவல் துறை, அன்று பயன்படுத்திய சொற்களுக்காக மன்னிப்புக் கேட்டது. நாற்பதாண்டு கழித்து வந்த அந்த மன்னிப்பை வரவேற்கிறோம். ஆனால் அது வெறும் சொல்லுக்கான மன்னிப்பு என்று எண்ணிவிடலாகாது. அந்தச் சொல்தான் சாட்சியைத் தடுத்தது. அந்தச் சொல்தான் கொலைகாரனை மறைத்தது.

ஆகவே, மக்களிடம் உதவி கோரும் எந்த நாட்டுக் காவலர்க்கும் நாம் சொல்வது இதுதான். மாண்டவர்களைத் தரம் பிரிக்காதீர். கொலையுண்ட அனைவரும் அப்பாவிகளே. தெருவில் நிற்பவளையும் சாட்சி என்று மதியுங்கள். அவள் வந்து சொல்லும் நாளில் அவள் கையில் விலங்கு மாட்டாதீர். உங்கள் முடிவுக்குப் பொருந்தாத சொல்லையே இருமுறை கேளுங்கள்.

மக்களைப் பேசச் சொல்லுமுன், கேட்கப் பழகுங்கள். மாண்ட 13 பேரும் இனிப் பேசமாட்டார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் பேசினார்கள், அன்றே பேசினார்கள்!