உலக்கையையும் கணக்கில் எடுப்போம்

கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டிலும் அண்டை நாடுகளிலும் (மலையின் ஊர்த்தொகுதிகளை அங்கே ‘நாடு’ என்பர்) மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, பனிவரகு, ராகி ஆகியவற்றைத் தலைமுறைகளாகப் பயிரிட்டு உண்டுவந்தனர். பின்னர் சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு அந்த நிலங்களில் பரவியது. கிழங்கு விற்ற காசும், 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கும் ரேஷன் அரிசியும் பட்டினியைத் தடுத்தன. சத்துக்குறை மட்டும் நீங்கவில்லை. 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு; தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. மாவட்டச் சராசரியோ சமவெளியையும் மலையையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. மலைப் பெண்ணின் நிலை அதில் தனியே தெரிவதில்லை.

ஊட்டச்சத்துத் துறையினரான நாம் அவளுக்குச் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "சிறுதானியம் சாப்பிடுங்கள்." சாமையின் உமி கடினமானது. உரலில் இட்டுத் திரும்பத் திரும்பக் குத்தி, முறத்தில் புடைத்தால்தான் அரிசி கிடைக்கும். களையெடுப்பு, விறகு, தண்ணீர், பிள்ளைகள் என ஏற்கெனவே நிறைந்த நாளில் இந்த வேலையும் அவள் தலையில்தான் விழுகிறது. சாமை அடுப்படியை விட்டுப் போனதற்குக் கிழங்கின் விலை ஒரு காரணம். உலக்கையின் பாரம் மற்றொன்று. உழைப்பைக் குறைக்காத அறிவுரை, உடல் தளர்ந்தவளிடமே மேலும் உழைப்பைக் கேட்கிறது.

இதற்கு வழி இந்த மலையிலேயே காட்டப்பட்டிருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே ஊர்க்குழுக்கள் மூலம் உமி நீக்கும் இயந்திரங்களையும் விதை வங்கிகளையும் அமைத்தது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுதானியத்தையும் உணவு தானியமாக ஏற்கிறது. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி வழங்கும் திட்டமும் தொடங்கியது. கொல்லிமலைக்கும் இது வரவேண்டும். மலையில் விளைந்த தானியத்தையே கொள்முதல் செய்து வழங்க வேண்டும்.

களப்பணியில் இருக்கும் வாசகர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. இரும்புச்சத்து மாத்திரையை எண்ணிக் கொடுங்கள், அது இன்றியமையாதது. அத்துடன் தானியத்தை யார் குத்துகிறார், அரவை இயந்திரம் எவ்வளவு தொலைவில் உள்ளது, அது ஓடுகிறதா, வீட்டில் கடைசியாக உண்பவருக்குப் பருப்பும் கீரையும் மிஞ்சுகின்றனவா என்றும் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். பெண்ணின் உழைப்பை அளக்காத ஊட்டச்சத்து ஆய்வு முழுமையானதல்ல.