அரெஸ்ட், வாரண்ட், பெயில்: முதலில் படிக்க வேண்டிய ஆங்கிலம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் அதை வைத்து ஆங்கிலம் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் எந்தப் பாடத்தைத் திறந்தாலும் பழங்களின் பெயர், நிறங்களின் பெயர், விமான நிலையத்தில் பேசுவது எப்படி என்றுதான் ஆரம்பிக்கிறது. என்னைக் கேட்டால், குற்றம், தண்டனை பற்றிய இருபது சொற்களை முதலில் படியுங்கள் என்பேன். மாதுளம்பழத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று தெரியாததால் யாரும் சேமிப்பை இழந்ததில்லை. அரெஸ்ட் என்ற சொல்லின் சரியான பொருள் தெரியாமல் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்தச் சொற்கள் கம்ப்யூட்டர் திரையிலேயே நிறைய உண்டு. விண்டோஸ் 95, 98 காலத்தில் ஒரு புரோகிராம் பழுதானால், அது 'இல்லீகல் ஆபரேஷன்' செய்துவிட்டது, மூடப்படும் என்று செய்தி வரும். இல்லீகல் என்றால் சட்ட விரோதம். நாம் ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்டோமோ, போலீஸ் வருமோ என்று புதியவர்களுக்குப் பயம் வருவது இயல்புதானே! உண்மையில் நடந்தது வேறு. ஒரு புரோகிராம் தனக்கு ஒதுக்கப்படாத மெமரியைத் தொட்டிருக்கும், அல்லது பிராசசருக்குப் புரியாத கட்டளையைக் கொடுத்திருக்கும். அவ்வளவுதான். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி அந்தச் செய்தியை மாற்றி, புரோகிராமில் ஒரு சிக்கல், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று பணிவாகச் சொல்ல ஆரம்பித்தது.

எக்ஸிக்யூட் என்றால் கட்டளையை நிறைவேற்றுவது. மரண தண்டனையை நிறைவேற்றுவதற்கும் அதே சொல்தான். யூனிக்ஸ், லினக்சில் ஓடும் புரோகிராமை நிறுத்தும் கட்டளையின் பெயர் கில். ஃபேட்டல் எரர் என்றால், இதற்கு மேல் அந்த புரோகிராம் ஓட முடியாது என்று பொருள். ஆக்சஸ் டினைடு என்றால், அந்த ஃபைலைத் திறக்க உங்கள் கணக்குக்கு அனுமதி இல்லை. இந்தப் பெயர்களையெல்லாம் வைத்தவர்கள் எங்கள் துறைக்காரர்கள். இவற்றில் எதுவும் சட்டம் அல்ல. எதைப் பார்த்தும் நீங்கள் பயப்பட வேண்டாம்.

மோசடிக்காரர்கள் நம்புவது இந்தப் பயத்தைத்தான். 2012-ல் ரெவெட்டன் என்ற கெடுதல் புரோகிராம் பல நாடுகளில் கம்ப்யூட்டரைப் பூட்டி, அந்தந்த நாட்டுப் போலீஸின் முத்திரையைத் திரையில் காட்டி, 'ஃபைன் கட்டு' என்று கேட்டது. இப்போது அதே தந்திரம் வீடியோ அழைப்பில் வருகிறது. உங்கள் பெயரில் பார்சல் பிடிபட்டது, வாரண்ட் இருக்கிறது, நீங்கள் 'டிஜிட்டல் அரெஸ்டில்' இருக்கிறீர்கள், கேமராவை விட்டு நகரக் கூடாது என்கிறார்கள். இப்படி ஒன்று சட்டத்திலேயே இல்லை என்று பிரதமர் 2024 அக்டோபர் 27 அன்று தமது வானொலி உரையில் சொன்னார்.

'ஆங்கிலம் தெரிந்தவர்களும்தானே ஏமாறுகிறார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் 2024-ல் இப்படித்தான் 7 கோடி ரூபாயை இழந்தார். போலியான உச்ச நீதிமன்ற விசாரணையையே வீடியோவில் நடத்திக் காட்டினார்கள். பெரிய நிறுவனத்தை நடத்தியவருக்கு ஆங்கிலம் தெரியாமலா இருக்கும்? ஆகவே ஒரு சொல்லுக்குத் தமிழில் என்ன என்று மட்டும் தெரிந்தால் போதாது. அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் அதிகாரம் யாருக்கு, எந்த முறையில் என்பதும் தெரிய வேண்டும். சட்டச் சொல்லின் பொருளில் பாதி அதில்தான் இருக்கிறது.

சில சொற்களை அப்படிப் பார்ப்போம்.

அரெஸ்ட் என்பதன் அடிப்படைப் பொருள் நிறுத்துவது. இதயம் நின்றுபோவதை கார்டியாக் அரெஸ்ட் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். நம் நாட்டுச் சட்டப்படி, கைது செய்யும் அதிகாரி அந்த நபரின் உடலைத் தொட வேண்டும் அல்லது கட்டுப்படுத்த வேண்டும். இல்லையென்றால் அவரே சொல்லாலோ செயலாலோ காவலுக்கு உட்பட வேண்டும். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு. வக்கீலைக் கலந்து பேசும் உரிமையும் அதே பிரிவில் இருக்கிறது. 'யாரிடமும் சொல்லாதே' என்று போனில் ஒருவர் மிரட்டினால், அவர் சொல்வது எதுவும் சட்டம் அல்ல.

வாரண்ட் என்றால் பிடியாணை. நீதிமன்றம் எழுத்தில் தருவது. நீதிபதியின் கையெழுத்தும் நீதிமன்ற முத்திரையும் இருக்க வேண்டும். கடுமையான குற்றங்களில் வாரண்ட் இல்லாமலும் போலீஸ் கைது செய்யலாம். ஆனால் அதற்கு அவர்கள் நேரில்தான் வர வேண்டும். சம்மன் என்றால் அழைப்பாணை. நீதிமன்றத்துக்கு வா என்று கூப்பிடுவது. அது கைது அல்ல.

பெயில் என்றால் ஜாமீன். நீதிமன்றமோ, ஜாமீனில் விடத்தக்க குற்றங்களில் காவல் நிலைய அதிகாரியோ பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு விடுவிப்பது. யாருடைய வங்கிக் கணக்குக்கும் பணம் அனுப்பும் வழி அல்ல. அக்யூஸ்டு என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். கன்விக்ட் என்றால் குற்றம் நிரூபணமானவர். இந்த இரண்டையும் நாம் பேச்சில் 'குற்றவாளி' என்றே சொல்லிவிடுகிறோம். இடையில் ஒரு வழக்கு விசாரணையே இருப்பதை மறந்துவிடுகிறோம். சென்டன்ஸ் என்றால் பள்ளியில் வாக்கியம், நீதிமன்றத்தில் தண்டனை. டக்காய்ட்டி என்பது நம் ஊரிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். 5 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தால்தான் அந்தப் பெயர்.

இவற்றில் பல சொற்கள் ஏற்கெனவே நம் வாயில் இருக்கின்றன. ஆனால் அவற்றை நாம் சினிமாவில் இன்ஸ்பெக்டர் கத்தும்போது கேட்டுப் பழகியவர்கள். ஓசை தெரியும், பயம் தெரியும், பொருள் தெரியாது.

எப்படிப் படிப்பது? எக்செல் அல்லது அதுபோன்ற இலவச புரோகிராம் ஒன்றைத் திறந்து மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் ஆங்கிலச் சொல். இரண்டாவதில் தமிழ்ப் பொருள். மூன்றாவதில், இதைச் செய்ய யாருக்கு அதிகாரம், எப்படி என்பது. தமிழ்ப் பொருளுக்குத் தமிழ் விக்சனரி உதவும். உச்சரிப்புக்கு கேம்பிரிட்ஜ் அகராதித் தளத்தில் ஒலிபெருக்கி படத்தை க்ளிக் செய்து கேட்கலாம். மூன்றாவது பத்திக்கு, மத்திய அரசின் இந்தியா கோடு தளத்தில் சட்டங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், பழைய புத்தகத்திலுள்ள பிரிவு எண்களை நம்பாதீர்கள். நாளைக்கு இரண்டு சொல் என்றால் பத்து நாளில் இருபது சொல் முடிந்துவிடும். பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, வீட்டிலுள்ள பெரியவர்களிடம் படித்துக் காட்டுங்கள். பகலில் வீட்டில் தனியாக இருந்து போனை எடுப்பவர்கள் அவர்கள்தானே!

பிரவுசரில் திடீரென்று 'உங்கள் கம்ப்யூட்டர் சட்ட விரோதச் செயலுக்காகப் பூட்டப்பட்டது' என்று முழுத் திரையில் வந்தால் ஆல்ட், எஃப்4 கீகளைச் சேர்த்து அழுத்தி மூடுங்கள். அதில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன் தடுக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

நிறங்களின் பெயரையும் பழங்களின் பெயரையும் அடுத்த மாதம் படித்துக்கொள்ளலாம். இந்த இருபது சொற்களை இந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள்.