டெல்டா உழவர் எல்லா வழக்குகளையும் பின்தொடர வேண்டும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

தஞ்சை வட்டாரத்தில் காவிரி வழக்கின் டிஎம்சி கணக்கு டீக்கடை பெஞ்சில்கூட மனப்பாடம். 1983இல் உழவர் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றப் படியேறியது. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991இல் கர்நாடகம் 205 டிஎம்சி விட வேண்டும் என்ற இடைக்கால ஆணை வந்தது. 2007இல் 192 என்று இறுதித் தீர்ப்பு. 2018 பிப்ரவரி 16இல் அது 177.25 ஆனது. இந்த விழிப்பு டெல்டாவின் பலம். ஆனால் வயலின் கதியை அந்த ஒரு வழக்கு மட்டும் முடிவுசெய்வதில்லை. நில எடுப்பு, கூட்டுறவுக் கடன், கோயில் நிலக் குத்தகை, ஆற்று மணல், கூலி என ஒவ்வொன்றிலும் நீதிமன்றங்கள் நம்மைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவற்றையும் அவை பற்றிய சட்ட வல்லுநர்களின் விளக்கங்களையும் காவிரி வழக்குக்குக் காட்டும் அதே கவனத்தோடு, ஒன்றோடொன்று பொருத்திப் படிக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

2018 தீர்ப்பே இதற்கு முதல் சான்று. குறைந்த 14.75 டிஎம்சியில் 4.75 பெங்களூருவின் தேவைக்காகப் போனது. மீதி 10 எப்படிப் போனது? டெல்டாவின் நிலத்தடியில் 20 டிஎம்சி நீர் இருக்கிறது என்ற மதிப்பீட்டிலிருந்து 10 டிஎம்சியையாவது தமிழகத்தின் கணக்கில் சேர்க்கலாம் என்று நீதிமன்றம் கருதியது. மாநிலங்களுக்கு இடையிலான ஆற்றுநீர் வழக்கில் நாம் இழந்தது நிலத்தடி நீர்க் கணக்கில். மணல் குவாரிகளை ஆறு மாதத்துக்குள் மூட வேண்டும் என்று 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது, வீடு கட்டுபவர்களின் கவலையாக மட்டும் தோன்றலாம். ஆற்றில் மணல் போனால் நிலத்தடி ஊறல் குறையும். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறும். அந்த 10 டிஎம்சி தாளில் மட்டுமே இருக்கும். இந்த ஒதுக்கீடு 15 ஆண்டுகளுக்கு மாறாது என்கிறது தீர்ப்பு. 2033இல் கேள்வி மீண்டும் எழும்போது, உப்பேறிய கிணறுகளின் ஆதாரத்தை மணல் வழக்குகளிலும் பசுமைத் தீர்ப்பாய வழக்குகளிலும் இருந்துதான் திரட்ட வேண்டியிருக்கும்.

நம் ஊர் பெயரே இல்லாத தீர்ப்பும் நம் ஊருக்குப் பொருந்தும். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின்கீழ் நிலம் கொடுத்தவர்களுக்கு ஆறுதல் தொகையும் வட்டியும் மறுத்தது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று 2019 செப்டம்பரில் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோதுமை விளையும் பஞ்சாப், அரியானா பக்கத்திலிருந்து போன மேல்முறையீடு அது. அதன் பலன் டெல்டாவில் அந்தச் சட்டத்தின்கீழ் நிலம் இழந்தவருக்கும் உண்டு, கேட்கத் தெரிந்தால். அதே சட்டத்தில், நிலம் எடுக்கும் அறிவிக்கை வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். அந்த அறிவிக்கை செய்தித்தாளின் உள்பக்கத்தில் சர்வே எண்களாக வரும். நடவு நேரத்தில் யார் கண்ணிலும் படாது.

வழக்கைப் பார்க்க வக்கீல் இருக்கிறார், அரைகுறைச் சட்ட அறிவு ஊரில் வதந்தியைத்தான் வளர்க்கும் என்பார்கள். இதை நாங்கள் அலட்சியப்படுத்தவில்லை. 2017 ஏப்ரலில் மதுரைக் கிளை எல்லா விவசாயிகளுக்கும் கூட்டுறவுக் கடன் தள்ளுபடியை விரிவாக்கியது பெரிய செய்தியாக வந்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததும், சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் என்ற அரசின் வரம்பு செல்லும் என்று 2021 நவம்பரில் முடித்ததும் அதே வேகத்தில் ஊர்போய்ச் சேரவில்லை. முதல் செய்தியோடு நின்றவர் தவணையை நிறுத்தியிருந்தால் வட்டியும் அவர் தலையில்தான். வழக்கைப் பாதியில் விட்டதன் விளைவு இது. தொடர்ந்து பார்ப்பதுதான் இதற்கு மருந்து. வக்கீலும் தன் கையில் உள்ள கட்டைத்தான் பார்ப்பார். தஞ்சை மாவட்ட வழக்கு மதுரைக் கிளைக்கும் திருவாரூர், நாகை வழக்குகள் சென்னைக்கும் போகின்றன. ஒரே வாய்க்காலின் தலைமடையும் கடைமடையும் இரண்டு அமர்வுகளில் நிற்கும்போது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க அமைப்பு ஒன்று வேண்டும்.

தீர்ப்பைப் பற்றிப் பேசினால் அவமதிப்பு ஆகிவிடும் என்ற பயமும் தேவையற்றது. முடிந்த வழக்கை நியாயமாக விமர்சிப்பது குற்றமல்ல என்று 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டமே சொல்கிறது. உண்மையான தடை மொழிதான். உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும் அது நடக்கவில்லை. தேர்ந்தெடுத்த சில தீர்ப்புகள் இப்போது தமிழில் கிடைக்கின்றன. டெல்டாவைத் தொடும் தீர்ப்புகள் எல்லாம் அப்படிக் கிடைக்க வேண்டும் என்று கோருகிறோம்.

நிலம் உள்ளவரின் வழக்கை மட்டும் பார்ப்பது என்றால் இந்த வேலையே வேண்டாம். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கில், 1970இல் கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதாரர்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் வசதியானவர்கள் நடந்துபோய் நேரில் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றது அந்தத் தீர்ப்பு. அந்த வரியைப் படிக்காமல் டெல்டாவில் நீதியைப் பற்றிப் பேச முடியாது. ஆகவே கூலி, குடிமனை, வன்கொடுமை வழக்குகளையும் எங்கள் சங்கம் பின்தொடரும். அவற்றில் எங்கள் உறுப்பினருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தாலும் அதை முழுமையாக ஊர்க் கூட்டத்தில் வாசிப்போம்.