களைப்புக்கு எந்த எண்ணெய்?

உயர்தரப் பரீட்சை நெருங்க நெருங்க, எங்கள் மேசைகளில் புத்தகங்களோடு குளிசைப் போத்தல்களும் சேர்ந்துவிடுகின்றன. ஒருத்தி மீன் ஈரல் எண்ணெய், மற்றவள் ஒமேகா-3, இன்னொருத்தி கருஞ்சீரக எண்ணெய். களைப்பைப் போக்குவது எது என்ற விவாதம் உயிரியல் பாடத்தை விடச் சூடாக நடக்கிறது.

மீன் ஈரல் எண்ணெயில் விட்டமின் ஏ, டி உண்டு. விட்டமின் ஏ உடலில் தேங்கும்; அளவு மிஞ்சினால் நமது ஈரலுக்கே கேடு. 1000 மில்லிகிராம் மீனெண்ணெய்க் குளிசையில் ஒமேகா-3 பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான். தம்பலகாமக் குடாவும் கிண்ணியாக் கடலும் பக்கத்தில் இருக்க, சூடை மீன் கறியை ஒதுக்கிவிட்டு இதை வாங்குவானேன்? குளிசையின் ஜெலட்டின் உறை எந்த விலங்கிலிருந்து வந்தது என்ற கவலையும் மீனுக்கு இல்லை. கருஞ்சீரகத்தை நபிமொழி சிறப்பித்திருக்கிறது, உண்மை. போத்தலில் ஒட்டிய விலையை அல்ல.

எண்ணெய் களைப்பைத் தீர்க்குமா? 1990இல் ஸ்கொட்லாந்தில், வைரஸ் நோய்க்குப் பின் நீடித்த களைப்பால் வருந்திய 63 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெயும் மீனெண்ணெயும் கலந்த குளிசை எடுத்தவர்களில் 85 சதவீதமானோர் மூன்று மாதத்தில் தேறினர். போலிக் குளிசை எடுத்தவர்களில் 17 சதவீதம். ஆனால் 1999இல் வேறு ஆய்வாளர்கள் 50 பேரிடம் அதைச் செய்து பார்த்தபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அப்படியிருக்க, நம் உம்மாமாரின் காசை அதில் கொட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் வயதில் களைப்பென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரத்தசோகையை. மாதாமாதம் இரத்தம் இழக்கிறோம். காலையில் வெறும் பிளேன்டீயோடு வகுப்புக்கு ஓடுகிறோம். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால், படியேறவே மூச்சு வாங்கும், படித்தது மனதில் நிற்காது. எந்த எண்ணெயும் அதைக் கூட்டாது. வேடிக்கை என்னவென்றால், பாடசாலைகளில் இலவசமாகக் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையை "வயிற்றைப் பிரட்டும்" என்று சொல்லி ஒளித்து வீசுபவர்களே எண்ணெய்க் குளிசைக்குக் காசு சேர்க்கிறார்கள். வயிற்றைப் பிரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாமே.

போத்தல் வாங்குமுன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். சோறு தின்ற கையோடு தேநீர் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் பொறுங்கள். தேயிலை இரும்பை உடலில் சேரவிடாது. முருங்கையிலைச் சுண்டலுக்குத் தேசிக்காய் பிழிந்தால் அதே இரும்பு கூடுதலாகச் சேரும்.