கைப்பிடியைச் சுழற்றுபவர்கள்



இங்கிலாந்தின் குட்வுட் என்னும் இடத்தில் 1993ஆம் ஆண்டு தொடங்கிய 'வேகத் திருவிழா'வில், பழம்பெரும் பந்தயக் கார்கள் ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர் பாதையில் ஓடிக் காட்டப்படுகின்றன. அங்கு 2015இல் ஓடிய ஃபியட் எஸ்76 என்ற காரின் காணொளியை நம் பிள்ளைகளில் சிலர் வியந்து பார்க்கின்றனர். பந்தயக் குதிரைகளை நபி (ஸல்) அவர்களே ஓடவிட்டிருக்கிறார்கள். ஆதலால் அந்த வியப்பைக் கண்டிக்க நாம் முற்படவில்லை. அவர்கள் எதைக் காணத் தவறுகின்றனர் என்பதே நம் கவலை.

நூறாண்டுக்கு முன் இத்தாலியில் உருவான அக்காருக்குச் சிலிண்டர்கள் நான்கே. எஞ்சினின் கொள்ளளவோ 28 லிட்டருக்கும் அதிகம். உலகின் அதிவேகக் கார் என்னும் பெயருக்காகவே கட்டப்பட்டும், 1913இல் பெல்ஜியத்தில் நடந்த முயற்சியில் அதன் சாதனை ஏற்கப்படவில்லை. பின்னர் ஒரு காரின் சட்டகமும் மற்றொன்றின் எஞ்சினுமே எஞ்சின. அவற்றை இணைத்து, இல்லாத பாகங்களைப் புதிதாகச் செய்து, மீண்டும் ஓட வைத்தனர்.

அத்தகைய காரைச் சாவி திருகி இயக்க முடியாது. முன்புறக் கைப்பிடியை உடல் வலுவால் சுழற்ற வேண்டும். சக்கரத்தை இழுக்கும் சங்கிலியின் இறுக்கத்தைச் சோதிக்க வேண்டும். எண்ணெய் ஒழுகும் இடத்தைத் துடைக்க வேண்டும். இவற்றைச் செய்வோர் கரிபடிந்த கைகளுடன் ஒதுங்கி நிற்கின்றனர். கூட்டம் கைதட்டுவது ஓட்டுநருக்கு.

புகாரியில் பதிவான ஒரு ஹதீஸின் கருத்து நினைவுக்கு வருகிறது. தலை கலைந்து, கால் புழுதி படிந்த ஓர் அடியார். காவலில் நிறுத்தினால் காவலில் நிற்பார், படையின் பின்னணியில் நிறுத்தினால் அங்கும் நிற்பார். அவர் அனுமதி கேட்டால் கிடைக்காது, பரிந்துரைத்தால் ஏற்கப்படாது. அவருக்கே நபியவர்கள் நற்செய்தி கூறினார்கள்.

நம் மஹல்லாவிலும் இத்தகையோர் உளர். ரமளானில் நண்பகலிலேயே நோன்புக் கஞ்சிக்கு அடுப்பு மூட்டுபவர், ஹவ்ளைக் கழுவும் மோதினார், நள்ளிரவிலும் ஜனாஸாவைக் குளிப்பாட்ட வருபவர். நம் மதரஸா ஆண்டு விழாவில் கிராஅத் ஓதிய மாணவனுக்குப் பரிசளித்தோம். விடியற்காலையில் பாய் விரித்த மாணவனின் பெயரைக் கூட ஒலிபெருக்கியில் சொல்லவில்லை. அப்பிழை நம்முடையது.

“இக்லாஸுடன் செய்பவருக்குப் புகழ் எதற்கு?” எனச் சிலர் வினவலாம். புகழை நாடாதிருப்பது கித்மத் செய்பவரின் கடமை. நன்றி கூறுவதோ பயன் பெற்றவரின் கடமை. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்பது நபிமொழியின் கருத்தன்றோ! முன்னதைக் காட்டிப் பின்னதைத் தட்டிக்கழிப்பது அநீதி.

வரும் ஆண்டு விழாவில், இன்ஷா அல்லாஹ், பாய் விரித்தவர்களை முதலில் அழைத்து துஆச் செய்வோம். பெற்றோரே! அடுத்த முறை பிள்ளை அக்காணொளியைக் காட்டினால், “கைப்பிடியைச் சுழற்றியவர் யார்?” என்று கேளுங்கள்.

மறைவான உழைப்பையும் அறிபவனாகிய அல்லாஹ் அதனை ஏற்றருள்வானாக. ஆமீன்.