ஊருணிபோல் ஒரு மின்னேற்று நிலையம்

"கோழி முதலா, முட்டை முதலா?" என்ற பழைய கேள்வி இன்று மின்சார வண்டிக்கும் வந்துவிட்டது. மின்னேற்றும் நிலையம் இல்லையென்று மக்கள் வண்டி வாங்கத் தயங்குகிறார்கள். வண்டிகள் குறைவென்று தனியார் நிலையம் அமைக்கத் தயங்குகிறார்கள். இந்த முடிச்சை அவிழ்ப்பது எது?

அரசின் சட்டமும் பொருளுதவியுமே என்பது எங்கள் கருத்து. மின்சாரம் விற்க உரிமம் வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம். வண்டிக்கு மின்னேற்றுவது விற்பனையன்று, சேவையே என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலில் விளக்கியது. உரிமமின்றியே நிலையம் திறக்க வழி பிறந்தது. அதே ஆண்டு டிசம்பரில், நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையமாவது வேண்டும் என்ற நெறிமுறை வந்தது. 2024இல் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் நிலையங்களுக்கென 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

ஆயினும் எங்களுக்கு ஒரு கவலை உண்டு. மடவார் வளாகத்தில் சொந்த வீடுள்ளவர் இரவில் வீட்டிலேயே மின்னேற்றிக்கொள்ளலாம். ஒண்டுக் குடித்தனத்தில் வாழும் ஆட்டோ ஓட்டுநர் எங்கே போவார்? கார்கள் விரையும் நெடுஞ்சாலையில் மட்டும் நிலையங்கள் பெருகினால் போதுமா? இலாபம் உள்ள இடத்திற்குத் தனியார் தாமே வருவர். இல்லாத இடத்திற்கு அரசுதான் வரவேண்டும். திருவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் ஆட்டோ நிறுத்தங்களின் அருகே நகராட்சி இடம் ஒதுக்கட்டும். கட்டணமும் எளியோர்க்கு ஏற்றதாய் இருக்கட்டும்.

வண்டி ஓட்டும் வயது எங்களுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் சாலைப் புகையைச் சுவாசித்தே பள்ளிக்கு வருகிறோம். ஊர்நடுவே இருக்கும் ஊருணியில் யாரும் நீர் எடுக்கலாம். மின்னேற்று நிலையமும் அவ்வாறே எல்லோர்க்கும் பொதுவாகட்டும்!